தேன்சிட்டுக்குப் பொன் தராசு

எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே சில மாத காலம் ஒரு படம் தொங்கிக் கொண்டிருந்தது. ஒரு தேன்சிட்டு தன் கூட்டு வாசலைப் பற்றிக் கொண்டு, வாயைப் பிளந்து நிற்கும் இரண்டு குஞ்சுகளுக்கு இரை ஊட்டுகிற படம். சிட்டின் தொண்டையிலே கருநீல மினுமினுப்பு. வயிற்றிலே எலுமிச்சம்பழத்தின் மஞ்சள். கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் அதைப் புகழாமல் போனதில்லை. எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று கேட்டவர்களும் உண்டு. விலை ஒன்றுமில்லை, என் மருமகன் பிடித்த படம் என்று பெருமையோடு சொல்லி வந்தேன். நான் சொன்னது உண்மையன்று. அந்தப் படத்துக்கு விலை கொடுக்கப்பட்டது. ஆனால் கொடுத்தவர்கள் நாங்கள் அல்லர். அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

வியாபாரிகள் படிக்கும் சங்க ஏட்டில் குருவிக்கும் போட்டோவுக்கும் என்ன வேலை என்று நேயர்கள் நினைக்கக் கூடும். லாபத்தை ஒருவன் எடுத்துக் கொள்ள, நஷ்டத்தை வாய் பேசாத ஒரு ஜீவன் ஏற்க நேர்ந்தால், அந்தக் கணக்கு நேர்மையான கணக்குத்தானா? நம்முன் உள்ள கேள்வி இதுவே. காலையிலிருந்து இரவு வரை கொடுக்கல் வாங்கலிலேயே வாழ்கிற நம்மைக் காட்டிலும் இக்கேள்விக்கு விடை சொல்லத் தகுந்தவர் யார்?

இன்று காமிரா இல்லாத வீடில்லை. சட்டைப் பையிலிருக்கும் தொலைபேசியிலேயே காமிரா வந்து விட்டது. வாரக் கடைசியில் சிங்கப்பூர்ப் பூங்காக்களுக்கோ, மலேசியாவில் பிரேசர் மலைக்கோ போய்ப் பாருங்கள். பீரங்கிக் குழாய் போன்ற நீண்ட வில்லைகளை முக்காலியில் ஏற்றி வைத்துக் கொண்டு, ஒரு சின்னஞ்சிறு குருவிக்காக மணிக்கணக்கில் காத்து நிற்போரைக் காணலாம். நம் சமூகத்துப் பிள்ளைகளும் அவர்களிடையே இருக்கிறார்கள். வீண் அரட்டையிலும் சூதிலும் பொழுதைக் கழிப்பதைவிட இது எவ்வளவோ மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உயிருள்ளவற்றின் உருவத்தைப் படமாக்கலாமா என்பது மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுள்ள விஷயம். காமிராவில் பதிவது மனிதன் படைக்கும் உருவமன்று, ஏற்கெனவே இருப்பதன் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அவர்கள் தனி நூலே எழுதினார்கள். அதை ஏற்காத ஆலிம்களும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். கூடும் என்று கொள்வோர் தங்கள் காமிராவை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பது மட்டுமே என் விசாரணை. ஒரு பொருள் ஹலாலாக இருக்கலாம். அதை அடைந்த வழியும் ஹலாலாக இருந்ததா என்று நாம் கேட்பதில்லையா? அதே கேள்விதான்.

பறவைமீது பிரியம் வைப்பதில் தவறேதுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பியான அபூ உமைரிடம், அவன் வளர்த்த சின்னக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தி நாமறிந்ததே. குருவியை இழந்து வாடியிருந்த குழந்தையின் துக்கத்தையும் அற்பம் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. குருவியை நேசிக்கும் உள்ளத்துக்கு நம் மார்க்கத்தில் இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வியாபாரிகளுக்கும் இந்தக் கலைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. மலாயாவின் பெருஞ்செல்வர் லோக் இயூவின் மகனும், கேத்தே சினிமா நிறுவனத்தை நடத்தியவருமான லோக் வான் தோ, பறவைகளைப் படம் பிடிப்பதில் தேர்ந்தவர். தாம் எடுத்த படங்களுடன் 1957-ல் அவர் வெளியிட்ட நூலுக்குப் 'பறவைகளின் கம்பெனி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பல கம்பெனிகளுக்குத் தலைவரானவர் தமக்கு உகந்த கம்பெனி எது என்று சொல்லிவிட்டார் போலும்! 1964-ல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

அவருடைய நெருங்கிய நண்பர் பம்பாயில் பிறந்த முஸ்லிம் பெருமகனார் சாலிம் அலி (1896–1987). சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருக்கக் கண்டு, இது என்ன குருவி என்று கேட்டார். அந்தக் கேள்வி அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வாசலுக்குக் கொண்டு சேர்த்தது. இளமையில் குடும்பத்தின் உலோகச் சுரங்கத்தையும் மர வியாபாரத்தையும் கவனிக்கப் பர்மாவின் தவாய்க்குச் சென்றவர், நாளடைவில் இந்தியாவின் தலைசிறந்த பறவை அறிஞரானார். பறவையைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி ஆராய்வதே அக்கால வழக்கம். அவருடைய பயணங்கள் சிலவற்றில் லோக் வான் தோவும் காமிராவைத் தூக்கிக் கொண்டு உடன் சென்றார்.

துப்பாக்கிக்குப் பின் காமிரா வந்தது. துப்பாக்கியால் எடுத்த பறவை செத்துப் போகும். காமிராவால் எடுத்த பறவை பறந்து போகும். ஆகவே காமிரா எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாது என்று நாம் எண்ணிவிட்டோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

இங்கே பறவைகளில் மிகச் சிறியதான ஹம்மிங் பட்சியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் தோட்டத்துத் தேன்சிட்டைப் பார்த்து இதுதான் ஹம்மிங் பட்சி என்று சொல்வோர் பலர். அது பிழை. ஹம்மிங் பட்சிகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. ஏறத்தாழ 360 வகைகள் உண்டு. கியூபா தீவில் வாழும் ஒரு வகையின் எடை 2 கிராம் அளவே. நம் பவுனுக்கு 8 கிராம் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் ஒரு பவுன் எடைக்கு அந்தப் பறவைகள் நான்கு நிற்கும்!

இவ்வளவு சிறிய உடலுக்கு எவ்வளவு பெரிய உழைப்பு! வட அமெரிக்காவின் செந்தொண்டை ஹம்மிங் பட்சி நொடிக்கு 50 தடவையளவு இறகடிக்கும். பறக்கும்போது ஹம்மிங் பட்சிகளின் இதயம் நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேலும் துடிக்கும். இந்த வேலைக்கு ஈடாகப் பகல் முழுவதும் அடிக்கடி பூந்தேனைக் குடித்துக் கொண்டேயிருக்க வேண்டும். குளிர்ந்த இரவுகளில் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்து, மயக்கம் போன்ற உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். இரவில் கடை விளக்குகளை அணைத்துச் செலவை மிச்சம் பிடிக்கும் வியாபாரியைப் போன்றது அது. கையிருப்பு அவ்வளவு குறைவு.

அந்தப் பறவையைத் தெளிவாகப் படம் பிடித்து உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் டூபாண்ட் இரசாயனக் கம்பெனிக்கு 1948 முதல் 1962 வரை தலைவராயிருந்த கிராபோர்டு கிரீன்வால்ட். அவரும் ஒரு பெரிய வர்த்தக நிர்வாகியே. கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த நேரமே மின்னி மறையும் பிளாஷ் விளக்கை, அத்துறையில் வல்லவரான எட்ஜர்ட்டனின் துணைகொண்டு அமைத்து, அசையும் சிறகை அசையாமல் நிறுத்திக் காட்டினார். அவருடைய ஹம்மிங் பட்சி நூல் 1960-ல் வெளிவந்தது. இன்று கோஸ்டா ரிக்காவிலும் எக்குவடோரிலும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளைத் தொங்கவிட்டு, சுற்றிலும் நாலைந்து பிளாஷ் விளக்குகளை நிறுத்தி, வெளியூர்ப் பிரயாணிகளுக்குப் படம் எடுக்க வசதி செய்து தரும் விடுதிகள் இருக்கின்றன. நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை என்பது அங்கே வழக்கமான கணக்கு. சாயம் சேர்க்கலாகாது, குப்பியை அடிக்கடி கழுவ வேண்டும். கழுவாத குப்பியில் பூஞ்சை வளர்ந்து பறவைக்கு நோய் தரும்.

ஒன்றைக் கவனியுங்கள். மளிகைக் கடையில் வெங்காயம் நிறுக்கும் தராசில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. பொற்கடைத் தராசில் ஒரு கிராம் என்பது பெரும் வழக்காகிவிடும். பத்து நிமிடம் தொந்தரவு செய்தோம், அதனாலென்ன என்று சொல்லும்போது நாம் வெங்காயத் தராசைக் கையில் வைத்திருக்கிறோம். எடையே 2 கிராம் உள்ள ஒரு ஜீவனுக்கு, இரை தேட வேண்டிய பத்து நிமிடம் பறிபோவது எத்தகைய நஷ்டம்? சின்ன உயிரின் கணக்கைப் பொன் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

இனி என் கடை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடையின் பின்கட்டில் காகிதப்பூச் செடி ஒன்று பெரிய தொட்டியில் நிற்கிறது. ஒரு வருடம் அதன் கிளையில் தேன்சிட்டு கூடு கட்டியது. நம் ஊர்த் தேன்சிட்டு மனிதர்களுக்கு அஞ்சாமல் வீட்டு முற்றத்திலும், மாடி வீடுகளின் தாழ்வாரத்திலும், ஒரு கொடிக் கம்பியிலும்கூடக் கூடு கட்டும். நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, வாசலுக்கு மேலே சிறு கூரையும் வைத்து, பெண் சிட்டு அதை நெய்கிறது. பெரும்பாலும் இரண்டு முட்டைகள். பொரிந்த பின்பு தாயும் தந்தையும் பூச்சிகளையும் சிலந்திகளையும் கொண்டு வந்து ஊட்டும். இரண்டு வாரமளவில் குஞ்சுகள் பறந்துவிடும்.

குஞ்சுகள் பொரித்த செய்தி கேட்டு என் சகோதரியின் மகன் புதிதாக வாங்கிய காமிராவோடு வந்தான். நல்ல பிள்ளை, தொழுகையில் பேணுதல் உள்ளவன், ஓர் எறும்பை வேண்டுமென்று மிதிக்கமாட்டான். கூட்டுக்கு முன்னால் ஓர் இலைக்கொத்து மறைத்துக் கொண்டிருந்தது. "மாமா, இந்தக் கிளையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்தால் போதும்" என்றான். நான் பிடித்தேன். கை வலித்தது. கடையில் பொட்டலம் கட்டும் சணல் சரடு இருந்தது. கிளையை வளைத்துத் தொட்டியின் காதில் கட்டி வைத்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. தாய் சற்று நேரம் தயங்கித் தயங்கிப் பறந்தது. பிறகு ஆண் சிட்டு வந்து இரை ஊட்டிற்று. அந்த நொடியில் எடுத்ததே நான் முன்பு சொன்ன படம்.

மாலையில் சரட்டை அவிழ்த்துவிடலாம் என்று இருந்தேன். சரக்கு லாரி வந்தது. கணக்குப் பார்த்தோம். மறந்து போனேன். மறுநாள் உச்சி வெயில் நேராகக் கூட்டின்மேல் அடித்திருக்கிறது. அதற்கு அடுத்த நாள் காலையில் பார்த்தபோது கூடு கிழிந்து தொங்கியது. குஞ்சுகள் இல்லை. கூரைமேல் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. தாய்ச் சிட்டு மட்டும் அந்தக் கிழிந்த கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கொண்டிருந்தது. சரடு அப்படியே கட்டிக் கிடந்தது. அதை அவிழ்த்தேன். அவிழ்த்து என்ன பயன்?

படம் அச்சாகி, சட்டமிட்டு, கடைக்கு வந்தது. மருமகனிடம் நடந்ததை நான் உடனே சொல்லவில்லை. அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். வாடிக்கையாளர்கள் புகழ்ந்தார்கள், நானும் கேட்டுக் கொண்டேன். ஒரு நாள் இரவு கணக்கை முடித்து விட்டு நிமிர்ந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. வரவு எழுதியாகிவிட்டது, பற்று எழுதவில்லையே என்று மனம் சொல்லிற்று.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு பிரயாணத்தில் தோழர்கள் ஒரு சிறு குருவியின் இரு குஞ்சுகளை எடுத்து விட்டார்கள். தாய்க் குருவி வந்து சிறகை விரித்துப் படபடத்தது. அப்போது அங்கு வந்த நாயகம் (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். அந்தத் தோழர்களுக்குத் திருப்பிக் கொடுக்கக் குஞ்சுகள் இருந்தன. எனக்கு இல்லை.

இனி நியாயத்தை ஆராய்வோம். என் சார்பில் நான் சொல்லக்கூடிய சமாதானங்கள் மூன்று. மூன்றையும் நேர்மையாகவே நிறுத்துப் பார்க்கிறேன்.

முதலாவது: நான் கெடுதல் நினைக்கவில்லை, என் நிய்யத்து நல்லது. உண்மை. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பதும் உண்மை. ஆனால் பிறர் பொருளை நான் கவனக்குறைவால் உடைத்துவிட்டால், என் எண்ணம் நல்லது என்று சொல்லி நஷ்டஈடு கொடுக்காமல் போய்விட முடியுமா? எண்ணம் என்னைத் திருடன் என்ற பெயரிலிருந்து காப்பாற்றும். கடன்காரன் என்ற பெயரிலிருந்து காப்பாற்றாது.

இரண்டாவது: சரடு கட்டாவிட்டாலும் காகம் கண்டு பிடித்திருக்கலாம். எத்தனையோ கூடுகள் மனிதன் கை படாமலே அழிகின்றன. இருக்கலாம். ஆனால் ஒருவன் கடையின் கதவை நான் திறந்து வைத்துவிட்டுப் போக, இரவில் திருட்டு நடந்தால், கதவு பூட்டியிருந்தாலும் திருடன் உடைத்திருப்பான் என்று நான் சொல்வதை எந்த முதலாளி ஏற்பார்? இலைக்கொத்து அந்தச் சிட்டின் கதவு. பறவை அங்கே கூடு கட்டியதே அந்த மறைவை நம்பித்தான்.

மூன்றாவது: இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத்தான் மக்கள் பறவைகளை நேசிக்கக் கற்கிறார்கள், ஒரு கூடு போனாலும் நூறு கூடுகள் காப்பாற்றப்படும். மூன்றிலும் வலுவான வாதம் இதுவே. படங்கள் நன்மை செய்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கலப்பட மிளகாய்த்தூள் விற்ற பணத்தில் பள்ளிவாசலுக்கு விளக்குப் போட்டால், விளக்கு வெளிச்சம் தரும். வாங்கித் தின்றவன் வயிற்று வலி தீருமா? நன்மை தனிக் கணக்கு, பிறர் ஹக்கு தனிக் கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒன்று உண்டு. வியாபாரம் செல்லுபடியாவதற்கு இரு தரப்பாரின் மனப்பொருத்தமும் வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். வாங்குகிறவன் விலை அதிகம் என்று எழுந்து போகலாம். பேரம் பேசலாம். ஏமாந்தால் சண்டைக்கு வரலாம். குருவி பேரம் பேசுமா? போதும், என் குஞ்சு வெயிலில் வாடுகிறது என்று சொல்லுமா? அப்படியானால் மனப்பொருத்தம் கொடுக்க முடியாத ஒருவரோடு நாம் எப்படிக் கணக்கு வைத்துக் கொள்வது?

இதற்கும் நமக்கு ஒரு வழி தெரியும். கூட்டாளி ஒருவர் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு மௌத்தாகிறார். அவருடைய பங்கு நம் கையில் இருக்கிறது. அந்த யத்தீம் பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. நாம் எழுதியதே கணக்கு. அதனாலேயே யத்தீமின் சொத்தில் நம் சொத்தைவிட அதிகமாக அஞ்சி நடக்கிறோம். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் கணக்கை இறுக்கமாக எழுதுகிறவனே அமானிதம் பேணுகிறவன். காட்டுப் பறவையும் நம் காமிராவுக்கு முன்னால் யத்தீமைப் போன்றதே. அதன் தரப்பிலும் நாமே பேரம் பேசியாக வேண்டும். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைக்கும் குற்றமே அங்கே கண்டிக்கப்படுவது. ஒரு நல்ல படத்தை நிறைவாக வாங்கிக் கொண்டு, பறவைக்குச் சேர வேண்டிய நிழலையும் அமைதியையும் குறைத்துக் கொடுத்த நான் எந்தப் பட்டியலில் சேருவேன் என்று அஞ்சுகிறேன்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், படம் பிடிப்போர் கையாளும் சில வழிகளைப் பற்றி நமக்கே தீர்ப்புக் கிடைத்துவிடும்.

பறவையின் குரலைப் பதிவு செய்து, புதருக்கு அருகில் ஒலிக்க விடுவார்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி ஆண் பறவை வெளியே பாய்ந்து வரும், படம் கிடைக்கும். இல்லாத எதிரியோடு போராடி அது தன் நேரத்தையும் பலத்தையும் இழக்கும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து மேலே காய்ந்ததைப் பரப்பிய வியாபாரியை நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையிலே கண்டித்த வரலாறு நமக்குத் தெரியும். பறவையிடம் மட்டும் மோசடி கூடுமா?

புழுவை ஊசியில் குத்தி வைத்துப் பறவையை வரவழைப்போர் உண்டு. குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்துக் கிளையில் வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தோரும் உண்டு. சிங்கப்பூரில் 2020-ம் ஆண்டு முதல் வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் காட்டுப் பிராணிகளுக்கு உணவிடுவதே குற்றம். முதல் தடவைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். இங்கிலாந்தில் 1981-ம் ஆண்டுச் சட்டம், அரிய பறவைகள் சிலவற்றைக் கூட்டருகே தொந்தரவு செய்யத் தடை விதிக்கிறது. அவற்றைக் கூட்டில் படம் பிடிக்க அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும்.

கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் அறிவிப்பதும் ஆராய வேண்டியதே. ஒருவர் பார்த்தால் பாதகமில்லை. அவர் சொல்லி முப்பது பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு படம் என்கிறார்கள். கடை வாசலில் திராட்சைக் கூடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு திராட்சை ருசி பார்த்தே கூடை காலியான கதையை அவர் சொல்வார். மேலும், தேடி வருகிறவர் எல்லோரும் காமிராவோடு மட்டும் வருவதில்லை. மலாய் மொழியில் பாராவ் பாராவ் எனப்படும் இனிய குரல் பறவை, கூண்டில் வளர்ப்பதற்காகவே பிடிக்கப்பட்டுப் பல நாடுகளில் அருகிப் போயிற்று. 2018-ல் அது அழிவின் விளிம்பில் நிற்கும் பறவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூர் இன்று அதற்கு முக்கியமான புகலிடம். அதன் இருப்பிடத்தை அறிந்தவர் வாயைக் காப்பதும் அமானிதமே.

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா? அவ்வாறு நான் சொல்லவில்லை. பறவை தன் வேலையை நிறுத்தாத தூரம்தான் நாம் நிற்க வேண்டிய தூரம். அது இரை தேடுவதை விட்டுவிட்டு நம்மையே பார்க்கத் தொடங்கினால், நாம் அதன் கணக்கில் செலவு எழுதத் தொடங்கிவிட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டும். பிரிட்டனில் 1892-ல் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் பிடித்துப் புகழடைந்த கியர்ட்டன் சகோதரர்கள், பின்னர் பறவைகளுக்கு ஐயம் தோன்றாதிருக்க ஒரு செத்த காளையின் தோலைப் பாடம் செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்து படம் எடுத்தார்கள்! கஷ்டத்தைப் பறவைமேல் சுமத்தாமல் காளை வயிற்றுக்குள் தாங்களே அனுபவித்தார்கள். வேடிக்கையான வழிதான்; ஆனால் செலவு யார் கணக்கில் விழ வேண்டும் என்பதை அது சரியாகக் காட்டுகிறது. நம்மிடம் காளைத் தோல் தேவையில்லை. செம்பருத்தி ஒன்று நட்டுவைத்து, ஒரு நாற்காலி போட்டுக் கொண்டு பொறுமையாக உட்கார்ந்தால் தேன்சிட்டு தானாக வரும். அப்போது கொடுப்பது நம் நேரம். வாங்குவது நம் படம். அதுவே நேர்மையான வியாபாரம்.

மருமகனிடம் ஒரு நாள் நடந்ததைச் சொன்னேன். அவன் அந்தப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்ப எண்ணியிருந்தான். வெகு நேரம் பேசாமல் இருந்தான். "சரடு கட்டச் சொன்னது நான்தானே மாமா" என்றான். "அவிழ்க்க மறந்தது நான்" என்றேன். அவன் போட்டிக்கு அனுப்பவில்லை. அனுப்பாதே என்று நானும் சொல்லவில்லை. கல்லாவுக்கு மேலிருந்த படத்தை அன்றே கழற்றினோம். கிழித்தெறிய மனமில்லை. பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன். நஷ்டக் கணக்கையும் பத்திரமாக வைக்க வேண்டியது வியாபாரியின் கடமையல்லவா?

அடுத்த ஆண்டு அதே செடியில் மறுபடியும் ஒரு கூடு வந்தது. பழைய சிட்டுத்தானா, வேறொன்றா, அல்லாஹ்வே அறிவான். இந்தத் தடவை பின்கட்டுக் கதவைச் சாத்தி வைத்தோம். பையன்களுக்கும் சொல்லி வைத்தேன். மருமகன் மாடி ஜன்னலிலிருந்து நீண்ட வில்லை வைத்துப் பார்த்தான். படத்தில் பாதியை இலை மறைத்துக் கொண்டது. சிட்டின் தலையும் ஒரு சிறகும் மட்டுமே தெரிந்தன. குஞ்சுகள் தெரியவே இல்லை. ஒரு காலைப்பொழுதில் இரண்டும் பறந்து போய் எதிர் வீட்டு மின்கம்பியில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அந்தப் பாதிப் படத்தைத்தான் இப்போது கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். படம் தெளிவாக இல்லையே என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். கணக்குத் தெளிவாக இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக் கொள்கிறேன்.

பறவைகளும் நம்மைப் போன்ற சமூகங்களே என்று திருமறை நமக்கு உணர்த்துகிறது. பேசத் தெரிந்தவரின் ஹக்கைப் போலவே பேசத் தெரியாதவற்றின் ஹக்கையும் நிறுத்துக் கொடுக்கும் நேர்மையையும், மறந்து செய்த பிழைகளுக்கு மன்னிப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.